இசைக்கவைகளைப் பேச வைத்த மேதை

வயலினும் கிளாரினெட்டும் ஒரே ஸ்வரத்தை ஒலிக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டாலும் எது வயலின், எது கிளாரினெட் என்று சொல்லிவிடுகிறோம். ஸ்வரம் ஒன்றாயிருக்க, நாதம் மட்டும் வேறுபடுவானேன்? இதற்கு விடை கண்டவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி.

1821-ம் ஆண்டு பாட்ஸ்டாம் நகரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். பௌதிகம் படிக்க ஆசை, தகப்பனாருக்கோ வசதியில்லை. வைத்தியம் படித்தால் அரசாங்கம் செலவை ஏற்கும். பதிலுக்கு ராணுவ வைத்தியராக உழைக்க வேண்டும். அதற்கு இசைந்தார். வேறு வழியின்றி ஏற்ற அந்தப் படிப்பே அவருக்குக் கைகொடுத்தது. 1851-ல் உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை உலகுக்கு அளித்தார். பிறகு காதின் பக்கம் திரும்பினார்.

ஒரு ஸ்வரம் ஒலிக்கும்போது, அதைப்போல் 2, 3, 4 மடங்கு வேகத்தில் அதிரும் மேல் ஒலிகளும் அதில் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் கேட்க, உள்ளே கூடான உருண்டைகளைச் செய்தார். ஓர் உருண்டையைக் காதில் பொருத்தினால் அதற்குரிய ஒலி மட்டும் பலமாகக் கேட்கும். மனிதக் குரலையும் வாத்தியங்களையும் இவ்வாறே ஆராய்ந்தார்.

பிரித்தால் மட்டும் போதுமா? சேர்த்துக் காட்டினால்தானே உலகம் நம்பும்! மின்காந்தத்தால் ஓயாமல் அதிரும் இசைக்கவைகளை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொரு கவையின் முன்னும் மூடியுள்ள ஓர் ஒலிக்குழாய். கட்டையை அழுத்தினால் மூடி திறந்து அந்த ஒலி ஓங்கும். ஒலிகளின் பலத்தை மாற்றி மாற்றிச் சேர்த்தபோது, நாக்கும் உதடும் இல்லாத அந்தக் கருவி ஊ, ஓ என்று உயிரெழுத்துகளை ஒலித்தது! ஒற்றைப்படை வரிசைக் கவைகளை மட்டும் சேர்த்தபோது கிளாரினெட்டின் மூக்கொலி எழுந்தது. எல்லாவற்றையும் சேர்த்தபோது ஹார்ன் வாத்தியத்தின் இனிய நாதம் எழுந்தது. குரலுக்கும் வாத்தியத்துக்கும் விதி ஒன்றே என்பது ருசுவாயிற்று.

இவற்றை 1863-ல் நூலாக வெளியிட்டார். அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் ஜெர்மன் மொழி சரிவரத் தெரியாததால், ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிரெழுத்துகளைக் கம்பி வழியே அனுப்பிவிட்டதாகத் தப்பாக எண்ணிக்கொண்டார். அந்தத் தப்பெண்ணமே அவரை 1876-ல் டெலிபோனுக்குக் கொண்டுசேர்த்தது. மிருதங்கத்தின் நாதத்தை ஆராய்ந்த நம் சி. வி. ராமனும், தம்மை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாக இதைப் போற்றினார்.

1894-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மறைந்தார். ஒலியைக் கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி சேர்த்துக் குரலையும் வாத்தியத்தையும் உண்டாக்கும் இன்றைய மின்னணுக் கருவிகளுக்கு, அன்றே வழி காட்டியவர் பணமின்றி வைத்தியம் படித்த அந்த ஏழை ஆசிரியரின் மகன்தான்.