பூநாரைகளைத் தேடிச் சென்ற சாலிம் அலி

இந்தியாவின் பறவை மனிதர் என்று உலகம் போற்றும் சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். மூன்று வயதுக்குள் தந்தையையும் தாயையும் இழந்த அவரைத் தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி வளர்த்தார். சிறுவனாயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே செயலாளர் மில்லார்டு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்று பற்றிய ஆசை கடைசிவரை விடவில்லை.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசாங்க விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனிக்குச் சென்று பேரறிஞர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று திரும்பினார். 1939-இல் அன்பு மனைவி தெஹ்மினா இறந்தார். அந்தத் துயரிலும் அவர் பறவைகளை விட்டுவிடவில்லை.

1945 ஏப்ரலில், தம் 48-ஆம் வயதில், கட்ச் பகுதியின் பெரிய ரண் என்னும் உப்புச் சதுப்புக்குப் போனார். பூநாரைகள் அங்கே சேற்றைக் குழைத்துச் சிறு மேடு கட்டி, அதன் உச்சியில் ஒரே ஒரு முட்டை இடும். வெயிலையும் சேற்றையும் பொருட்படுத்தாமல் கணக்கெடுத்தார். கூடுகள் மட்டுமே ஒரு இலட்சத்துக்கு மேல்! பறவைகள் ஏறக்குறைய ஐந்து இலட்சம் என்று மதிப்பிட்டார். அந்த இடத்தைப் பூநாரை நகரம் என்றே அழைத்தார்கள்.

இத்தனை அழகிய இளஞ்சிவப்பு எங்கிருந்து வருகிறது? குஞ்சு பொரிக்கும்போது அதன் தூவி சாம்பல் கலந்த வெண்மைதான். உப்பு நீரிலுள்ள பாசியிலும், அதைத் தின்னும் சிற்றிறாலிலும் கரோட்டினாய்டு என்னும் நிறமி இருக்கிறது. காரட்டுக்கு நிறம் தருவதும் அந்த வகை நிறமியே. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி இவற்றை உண்கிறது. ஈரல் அந்த நிறமியை மாற்றித்தர, அது முளைக்கும் இறகுகளில் சேர்கிறது. நம் ஆரணியில் பட்டு நூலைச் சாயத்தில் முக்கினால் அன்றே சிவந்துவிடும். பூநாரை சிவக்கவோ சில ஆண்டுகள் ஆகும். அந்த இரை கிடைக்காவிட்டால், அடுத்து முளைக்கும் இறகுகள் வெளுத்துப்போகும். விலங்குக் காட்சிசாலைகளில் இதற்காகவே அந்த நிறமி கலந்த தீனி போடுகிறார்கள்.

சாலிம் அலி நம் தமிழ்நாட்டுக் கோடியக்கரைக்கும் வந்தார். அவருடைய கழகத்தார் அங்கே வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்தார்கள். 1967-இல் அது சரணாலயமாயிற்று. 1976-இல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. 1987 ஜூனில், தம் 90-ஆம் வயதில், பம்பாயில் காலமானார். பூநாரைகள் இன்றும் குளிர்காலத்தில் கோடியக்கரையின் உப்பு நீரில் வந்து இறங்குகின்றன.