கணிதம் விட்டு வந்த நூலகர்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கலந்தாய்வுக்கு வந்த அன்று வரிசை நீளமாக இருந்ததால் அப்பா நூலகத் திண்ணையில் அமர்ந்தார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். நூலகர் விரட்டவில்லை, அலமாரியிலிருந்து விரும்பியதை எடுத்துப் பார்க்கச் சொன்னார். வேறொரு கல்லூரியிலும் இடம் கிடைக்கவிருந்த நான் இங்கேயே சேர்ந்ததற்கு அந்த ஒரு மணி நேரமே காரணம். ஆகவே மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதுமாறு பேராசிரியர் பணித்தபோது சீர்காழி இராமாமிர்தம் ரங்கநாதனையே தேர்ந்தேன்.

1892-இல் சீர்காழியில் பிறந்த அவர், என்னைப் போலவே கணித மாணவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் முதுகலை முடித்து, 1917 முதல் மங்களூரிலும் கோவையிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் கணிதம் போதித்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆள் நடமாட்டமற்ற அந்த இடம் சில நாட்களிலேயே அவருக்குச் சலித்துப்போயிற்று. பழைய வேலையையே தருமாறு கல்லூரி முதல்வரிடம் போய் மன்றாடினார்! இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வந்த பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று முதல்வர் ஆறுதல் சொன்னார்.

இலண்டனில் அவர் மனம் மாறியது. அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். எளிய மக்களும் குழந்தைகளும் தாராளமாக வந்து படிப்பதைக் கண்டார். பொம்மைக் கடையில் துண்டுகளை இணைத்து விதவிதமாய்ப் பொருள் செய்யும் விளையாட்டுக் கருவி ஒன்றைப் பார்த்தபோது, நூல்களைப் பகுப்பதற்கான கோலன் முறை அவருக்குப் பொறி தட்டியது. 1925-இல் திரும்பியவர் கணித வேலையைக் கேட்கவே இல்லை.

அதன் பிறகுதான் பல்கலைக்கழக நூலகம் உயிர் பெற்றது. அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார், நேரத்தை நீட்டித்தார், தயங்கி நிற்பவருக்கு வழிகாட்ட ஆள் வைத்தார். நூல் பூட்டிவைக்க அன்று, பயன்படவே என்பது 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது. மாணவரைச் சேர்க்கத் தேர்ச்சி விழுக்காட்டைப் பதாகையில் எழுதும் நாம், நூலகத்தை அதில் குறிப்பிடுவதில்லையே என்று நினைத்துக்கொள்கிறேன்.

பின்னர் காசியிலும் தில்லியிலும் பணியாற்றினார். தம் சேமிப்பில் ஓர் இலட்ச ரூபாயை, மனைவி சாரதாவின் பெயரும் விளங்கும்படி, நூலகவியல் பேராசிரியர் பதவிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். 1972-இல் பெங்களூரில் மறைந்தார்.

என் தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு. எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று என்னைக் கேட்கிறாள். நம் நூலகத்தைக் காட்டலாமென்றால், அவளுக்குப் பள்ளி விடுமுறையான சனிக்கிழமையில் இங்கே கதவு பூட்டியிருக்கிறது.