வால் நட்சத்திரம் கண்ட வைணு பாப்பு

வால் நட்சத்திரம் தோன்றினால் நாட்டுக்கு ஆகாது என்று ஜனங்கள் அஞ்சிய காலம் உண்டு. அதைக் கண்டுபிடித்தே புகழ் பெற்றார் வைணு பாப்பு.

1927-ம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தை ஐதராபாத் நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். மகன் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். 1949-ல் அங்கே எடுத்த போட்டோத் தகடு ஒன்றில் புதிய வால் நட்சத்திரம் சிக்கியது! அதற்குப் பாப்பு-பாக்-நியூகர்க் என்று மூவர் பெயர்.

எட்டாத உயரத்தில் போகிறதே, அதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் தீ மஞ்சளாக எரியும். உப்பில் உள்ள சோடியம் செய்கிற வேலை அது. சூரியனை நெருங்கும் சில வால் நட்சத்திரங்களின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், அதே மஞ்சள் கோடு தெரியும். அந்தச் சோடிய ஒளியை வைத்துச் சூரியக் காற்றின் தன்மையை ஆராய்ந்து, 1969-ல் சிவராமனுடன் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார் பாப்பு.

1960-ல் கோடைக்கானல் நிலையத்தின் தலைவரானார். இருண்ட, தெளிந்த வானம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். 234 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பை இந்தியாவிலேயே கட்ட முனைந்தார். வேலை முடியுமுன், 1982 ஆகஸ்டில் ஜெர்மனியில் காலமானார். வயது 55.

1986-ல் டெலஸ்கோப் திறக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.