டார்வின் எண்ணிப் பார்த்த புழுக்கள்

மழை ஓய்ந்த மறுநாள் காலையில், பேணி வளர்த்த புல்தரையைப் பார்ப்பவருக்கு ஒரு சிறு வருத்தம் காத்திருக்கும். பச்சைப் பசேல் என்றிருந்த பரப்பில் ஆங்காங்கே சேற்றுத் துளிகளை உருட்டி வைத்தாற்போல் மண் குவியல்கள் தென்படும். அவை மண்புழுக்கள் இரவெல்லாம் வெளியேற்றிய எச்சம். காலணியில் ஒட்டும், மிதித்தால் புல்லின் மீது பரவிக் கறையாகும்.

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அண்மையில் இது ஒரு குறையாகவே எழுப்பப்பட்டது. பொதுப் புல்தரையில் வேர்ப்புழு, கறையான், நத்தை ஆகியவற்றுடன் மண்புழுவையும் சேர்த்து, எல்லாவற்றுக்குமாக ஒரே மருந்தைத் தெளித்துவிடலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர், தம் வீட்டுப் புல்தரையையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்ட ஒரு மனிதர்: சார்லஸ் டார்வின்.

1809-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்த டார்வினை, பீகிள் கப்பலில் உலகைச் சுற்றியவராகவும், உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலால் உலகை உலுக்கியவராகவும் நாம் அறிவோம். ஐந்தாண்டு கடற்பயணம் முடிந்து 1836-இல் ஊர் திரும்பிய பிறகு அவர் இங்கிலாந்தை விட்டு வெளிநாட்டுக்குச் செல்லவே இல்லை என்பதும், தம் வாழ்வின் கடைசி நாற்பது ஆண்டுகளை ஒரு சிற்றூர் வீட்டிலும் அதன் தோட்டத்திலுமே கழித்தார் என்பதும் அந்த அளவுக்கு அறியப்படாதவை.

பயணத்திலிருந்து திரும்பிய மறு ஆண்டே மண்புழு அவர் வாழ்வில் நுழைந்துவிட்டது. தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டின் ஊருக்குச் சென்றிருந்தபோது, மாமா அவரை ஒரு வயலுக்கு அழைத்துச் சென்றார். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே மேற்பரப்பில் தூவப்பட்ட சுண்ணாம்பும் நிலக்கரிச் சாம்பலும் இப்போது சில அங்குல ஆழத்தில் ஓர் அடுக்காகக் கிடந்தன. யாரும் உழவில்லை, தோண்டவுமில்லை. மண்புழுக்கள் கீழிருந்து மண்ணை மேலே கொண்டுவந்து கொட்டிக் கொட்டியே அவற்றைப் புதைத்திருக்க வேண்டும் என்பது மாமாவின் ஊகம். அந்த ஊகத்தை ஏற்று, 1837-இல் லண்டன் நிலவியல் கழகத்தில் டார்வின் ஒரு சிறு கட்டுரையைப் படித்தார்.

அடுத்த ஆண்டு, பொருளியல் மாணவர்கள் நன்கறிந்த மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையை அவர் படித்தார். உணவு பெருகும் வேகத்தைவிட உயிர்கள் பெருகும் வேகம் அதிகம் என்ற அந்த வாதம், இயற்கைத் தேர்வு என்னும் கருத்துக்கு வழிதிறந்தது. பொருளியல் பயிற்றுவித்த எனக்கு, மால்தஸைவிட முக்கியமான வேறொரு பாடமும் டார்வினிடம் உண்டு என்று பின்னாளில் தோன்றியது. மிகச் சிறிய அளவு, போதிய காலம் கிடைத்தால், மிகப் பெரிய தொகையாகும் என்பதே அது. கூட்டுவட்டியை அறிந்தவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். புழுவைக் கண்டால் மட்டும் மறந்துவிடுவார்கள்.

மாமன் மகள் எம்மாவை 1839-இல் மணந்த டார்வின், 1842 செப்டம்பரில் லண்டனை விட்டுக் கென்ட் மாவட்டத்தின் டவுன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். வந்த சில வாரங்களிலேயே, அங்கே பிறந்த பெண் குழந்தை இறந்துபோனது. அந்த ஆண்டு டிசம்பரில், வீட்டருகே இருந்த மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியில் அவர் உடைந்த சுண்ணப் பாறைத் துண்டுகளைப் பரப்பி வைத்தார். அது எவ்வளவு ஆழம் இறங்கும் என்று பார்ப்பதே நோக்கம். பார்ப்பதற்கு எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது பற்றி அவர் அவசரப்படவில்லை.

இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வீட்டுத் தோட்டம் அவருக்குப் பல பாடங்களைக் கற்பித்தது. மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, அதில் முளைத்த ஒவ்வொரு களைச் செடிக்கும் அடையாளமிட்டு எண்ணினார். முளைத்தவை 357; அவற்றில் 295 அழிந்தன. பெரும்பாலானவற்றை அழித்தவை ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளும். நாம் பீடை என்று ஒதுக்கும் உயிர்கள், எந்தக் கூலியும் கேட்காமல் களை பறித்துக் கொண்டிருந்தன.

வழக்கமாக வெட்டப்பட்டு வந்த புல்தரையில், மூன்றடிக்கு நான்கடி அளவுள்ள ஒரு பகுதியை வெட்டாமல் வளரவிட்டும் பார்த்தார். அதில் இருந்த 20 செடி வகைகளில் ஒன்பது அழிந்தன. வலுவானவை தடையின்றி வளர்ந்து மெலிந்தவற்றை நெருக்கிவிட்டன. புல்லை வெட்டுவதும் ஒருவகையில் எளியோரைக் காப்பதே என்று அந்தக் கணக்கு சொன்னது. இவ்விரு ஆய்வுகளும் 1859-இல் வெளிவந்த அவரது பெருநூலில் இடம்பெற்றன.

அந்த நூல் வெளிவருவதற்குள் அவர் குடும்பம் மேலும் துயரங்களைக் கண்டது. 1851-இல் பத்து வயது மகள் ஆனி நோயுற்று இறந்தாள். 1858 கோடையில், அவர் கொள்கை முதன்முதலில் அறிஞர் அவையில் படிக்கப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன் கைக்குழந்தையான கடைசி மகன் இறந்தான். டார்வினும் நீண்ட காலமாக வயிற்று நோயாலும் களைப்பாலும் வருந்தினார். ஒரு நாளில் சில மணி நேரமே வேலை செய்ய முடிந்தது. அந்தச் சில மணி நேரத்தை ஒவ்வொரு நாளும் விடாமல் பயன்படுத்தினார். புழு வேலை செய்யும் முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

1869-இல் ஒரு தோட்டக்கலை இதழில் அவரது பழைய புழுக் கட்டுரைக்கு மறுப்பு வெளிவந்தது. இவ்வளவு பலவீனமான, இவ்வளவு சிறிய உயிர் இத்தனை பெரிய வேலையைச் செய்திருக்க முடியாது என்பதே மறுப்பின் சாரம். எதிரில் இருப்பவரின் உருவத்தை வைத்து உழைப்பை மதிப்பிடும் பழக்கம் எல்லா நாட்டுக்கும் பொதுவானதுதான். டார்வின் அதே இதழில் பதில் எழுதினார். பின்னர் மண்வெட்டியே சரியான பதில் தரும் என்று காத்திருந்தார்.

1871 நவம்பர் இறுதியில், 29 ஆண்டுகளுக்கு முன் சுண்ணப் பாறைத் துண்டுகளைப் பரப்பிய அதே நிலத்தின் குறுக்கே பள்ளம் தோண்டப்பட்டது. ஏழு அங்குல ஆழத்தில் வெண்மையான கோடு தெரிந்தது. ஆண்டுக்குக் கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அருகில் இன்னொரு நிலம் இருந்தது. 1841-இல் கடைசியாக உழப்பட்டுப் புல் வளரவிடப்பட்ட அந்தச் சரிவில் அவருடைய பிள்ளைகள் ஓடும்போது கற்கள் கடகடவென்று உருளும். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே நிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குதிரை ஓடினாலும் குளம்பில் ஒரு கல்லும் இடறவில்லை. கற்களை யாரும் பொறுக்கவில்லை. புழுக்கள் அவற்றை நிலத்துக்குள் இறக்கிவிட்டிருந்தன.

அதன்பின் முழுக் குடும்பமுமே இந்த ஆய்வில் இறங்கியது. மண் நிரப்பிய தொட்டிகளில் புழுக்கள் வீட்டுக்குள் வைக்கப்பட்டன. இசைக் கருவியை உரக்க ஒலித்தும் அவை அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மீதே வைத்து வாசித்தபோது அதிர்வை உணர்ந்து வளைக்குள் பதுங்கின. மகன் ஹோரஸ், தோட்டத்தில் ஒரு வட்டக் கல்லைப் பதித்து, அது இறங்கும் அளவைக் கணக்கிட ஒரு கருவியை அமைத்தார். கல் ஆண்டுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் இறங்கியது. 1877-இல், அறுபத்தெட்டு வயதில், டார்வின் ஸ்டோன்ஹெஞ்ச் சென்று, விழுந்து கிடந்த பழங்காலப் பெருங்கற்கள் எவ்வளவு புதைந்துள்ளன என்று அளந்தார்.

புழுக்கள் தம் வளைக்குள் இழுத்துச் சென்றிருந்த 227 உதிர்ந்த இலைகளை வெளியே எடுத்துப் பார்த்தார். 181 இலைகள் நுனிப்பக்கமாக இழுக்கப்பட்டிருந்தன. குறுகிய முனையைப் பற்றினால் குறுகிய வளைக்குள் இழுப்பது எளிது. கண்ணும் காதும் அற்ற ஓர் உயிர் எதையோ தேர்ந்து செய்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

1881 அக்டோபரில் மண்புழு பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அதுவே அவரது கடைசி நூல். இங்கிலாந்தின் பல பகுதிகளில், ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கும் மேற்பட்ட உலர்ந்த மண் புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேற்பரப்புக்கு வருகிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார். நாம் தோட்டம் என்று அழைக்கும் மேல்மண் முழுவதும் பலமுறை புழுவின் குடலைக் கடந்து வந்தது என்பதே அதன் பொருள். சில மாதங்களில் ஆயிரக்கணக்கான பிரதிகள் விற்றன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று டார்வின் மறைந்தார். டவுன் ஊரின் மண்ணிலேயே அடக்கம் செய்யக் குடும்பம் எண்ணியிருந்தது. நாடு அவரை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்கு எடுத்துச் சென்றது.

அவரது கணக்கு உடனே எல்லாருக்கும் எட்டிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனின் கோல்ஃப் திடல்களில் மண்புழுவை வெளியேற்ற ஒரு பொருள் பரவலாகப் பயன்பட்டது. அது நம் நாட்டிலிருந்து சென்ற இலுப்பை இனப் பிண்ணாக்கு. எண்ணெய்க் குளியலின்போது நம் முன்னோர் தலைக்குத் தேய்த்த அதே பிண்ணாக்குதான். அதைத் தூவி நீர் விட்டால், அதன் நுரைக்கும் தன்மையால் எரிச்சலுற்ற புழுக்கள் மேலே வரும். துடைப்பத்தால் கூட்டி அள்ளுவார்கள். பின்னர் ஈய ஆர்சனேட், குளோர்டேன் போன்ற கடும் நஞ்சுகள் வந்தன.

அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1950-களில் நடந்ததும் இங்கே நினைக்கத்தக்கது. எல்ம் மரங்களுக்கு நோய் பரப்பும் வண்டுகளைக் கொல்ல டிடிடி தெளித்தனர். இலைகள் உதிர்ந்தன; மண்புழுக்கள் அவற்றைத் தின்றன; அப்புழுக்களைத் தின்ற ராபின் பறவைகள் மடிந்தன. குறி வைத்தது வண்டுக்கு, விழுந்தது பறவை. டார்வின் பொறுமையாக எண்ணிய அந்த இலைகளின் வழியாகவே நஞ்சும் பயணம் செய்தது.

டார்வினின் நூல் வெளிவந்து பத்தாண்டுகளில், 1891-இல், தமிழில் மனோன்மணீயம் நாடகம் வெளிவந்தது. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அதில் நாங்கூழ்ப் புழுவின் ஓயாத உழைப்பை வியந்து போற்றும் பகுதி ஒன்றை அமைத்தார். மண்ணை உண்டு மண்ணைப் பண்படுத்தும் அச்சிற்றுயிரை உழவனுக்குத் துணையாக நம் மொழியும் அன்றே கண்டது.

பொருளியலில் ஒரு பழைய குறை உண்டு. விலை இல்லாத உழைப்பு கணக்கில் வருவதில்லை. இல்லத்தரசியின் வேலையை நாட்டு வருமானத்தில் சேர்க்காத நாம், புழுவின் வேலையைச் சேர்க்காததில் வியப்பில்லை. அதன் பயன் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருக்கிறது; அதன் எச்சம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி மேலே இருக்கிறது. ஆகவே செலவை மட்டும் எழுதி, வரவை விட்டுவிடுகிறோம்.

அடுத்த கூட்டத்தில் நான் சொல்லவிருப்பது மிக எளியது. எச்சக் குவியல் உலரும் வரை பொறுத்து, ஈர்க்குத் துடைப்பத்தால் ஒருமுறை பரப்பிவிட்டால் போதும். அதுவே புல்லுக்கு எருவாகும். புல் பழுத்துப் படலமாகப் பெயர்ந்துவரும் இடம் இருந்தால், அங்கே மட்டும் தோண்டி வேர்ப்புழு இருக்கிறதா என்று பார்க்கலாம். நத்தைகளை மழைக்கால மாலைகளில் விளக்கு வெளிச்சத்தில் கையால் பொறுக்கலாம். கறையானுக்கு, அது வீட்டை நெருங்கும் இடத்தில் மட்டும் தீர்வு தேடலாம். எது தீங்கு செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்று எண்ணாமல் தரை முழுவதும் நஞ்சு தெளிப்பது, வேலைக்காரனையும் திருடனையும் ஒரே கயிற்றில் கட்டுவதாகும்.

சங்கம் இதை ஏற்குமா என்று நான் அறியேன். ஆனால், உலகைச் சுற்றி வந்த ஒருவர் தம் கடைசி ஆண்டுகளில் காலடிப் புல்லைக் குனிந்து பார்த்து, 29 ஆண்டுகள் காத்திருந்து ஒரு பள்ளம் தோண்டினார். நாம் மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு மழைக்காலமாவது பொறுத்திருந்து எண்ணிப் பார்க்கலாம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).