ஏழு பாலமும் ஒரு டிரோனும்

ராத்திரி பதினோரு மணி. ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் சேர்ந்து பிரியாணி ஆர்டர் போட்டிருக்கீங்க. மேப்பில் டெலிவரி அண்ணனின் பைக் நம்ம காலேஜ் கேட்டைத் தாண்டி வேறெங்கோ போகிறது. ஏன் இப்படிச் சுத்துறார்னு கடுப்பாகுதா? அவர் பையில் இன்னும் மூன்று பேருடைய சாப்பாடு இருக்கிறது. யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பதை ஒரு புரோகிராம் முடிவு செய்கிறது. நாளைக்கு அதே பார்சல் டிரோனில் பறந்து வந்தாலும் இதே கணக்குதான். இந்த வகைக் கணக்குக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் இறந்து 240 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்தான் லியோன்ஹார்டு ஆய்லர்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் 1707 ஏப்ரல் 15-ல் பிறந்தார். அப்பா ஒரு போதகர். பையனும் தன்னைப் போலவே தேவாலயத்துக்குப் போகணும் என்பது அவர் ஆசை. 13 வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பையனுக்கோ கணக்கு மேல்தான் கண். அவனுக்கு வழிகாட்டியவர் யோஹான் பெர்னூலி. நாம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிக்கிற பெர்னூலி இவருடைய மகன் டேனியல். அந்த டேனியலின் உதவியால்தான் 1727-ல், இருபது வயதில், ஆய்லருக்கு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் வேலை கிடைத்தது.

அங்கே இருந்தபோதுதான் கோனிக்ஸ்பர்க் நகரத்துப் புதிர் அவரிடம் வந்தது. ஊருக்கு நடுவே ஓடும் பிரேகல் ஆறு நிலத்தை நான்காகப் பிரிக்கிறது: வடகரை, தென்கரை, நடுத்தீவு, கிழக்குப் பகுதி. அவற்றை இணைக்க ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து எல்லாவற்றையும் முடிக்க முடியுமா? ஊர்க்காரர்கள் நடந்து நடந்து பார்த்தும் முடியவில்லை.

ஆய்லர் நடந்து பார்க்கவில்லை. தெருவின் நீளம், ஆற்றின் அகலம், கட்டிடம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். எந்த நிலத்தில் எத்தனை பாலம் வந்து சேருகிறது என்பதை மட்டும் எண்ணினார். யோசிச்சுப் பாருங்க. ஒரு நிலத்துக்குள் ஒரு பாலத்தில் நுழைந்தால் இன்னொரு பாலத்தில் வெளியேற வேண்டும். அதனால் பாலங்கள் ஜோடி ஜோடியாக இருக்கணும். தொடங்கும் இடமும் முடிக்கும் இடமும் மட்டும் ஒற்றைப்படையாக இருக்கலாம். கோனிக்ஸ்பர்க்கில் நடுத்தீவுக்கு 5, மற்ற மூன்றுக்கும் தலா 3. நான்குமே ஒற்றைப்படை. ஆக, அப்படி ஒரு வழியே கிடையாது. 1735-ல் இதை அகாடமியில் சமர்ப்பித்தார். இதற்கும் கணிதத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை என்ற தொனியில் ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார். அவர் அலட்சியமாக நினைத்த அதிலிருந்துதான் கிராஃப் தியரி தொடங்கியது!

டிரோனுக்குத்தான் பாலமே தேவையில்லையே என்று நீங்க கேட்கலாம். உண்மைதான். அதற்குப் பாலம் முக்கியமில்லை, வீடுதான் முக்கியம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை போய், பேட்டரி தீர்வதற்குள் கடைக்குத் திரும்பணும். இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு புதிரையும் ஆய்லர் 1759-ல் எடுத்துக்கொண்டார்: செஸ் போர்டின் 64 கட்டத்துக்கும் குதிரை ஒவ்வொரு முறை போய் வருவது எப்படி? பாலக் கணக்கில் ஒற்றை, இரட்டை எண்ணினால் போதும். இங்கே அப்படி ஒரு குறுக்குவழி இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. 10 வீடு என்றால் போகக்கூடிய வரிசைகள் 36,28,800. 15 வீடு என்றால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடிக்கும் மேல். அதனால் நிஜ டெலிவரி புரோகிராம்கள், வீடுகள் அதிகமானால், ஆகச் சிறந்த வழியைத் தேடி நிற்பதில்லை. ஓரளவு நல்ல வழி கிடைத்ததும் கிளம்பச் சொல்லிவிடுகின்றன.

இவ்வளவு செய்தவரின் வாழ்க்கை சுகமாக ஒன்றும் போகவில்லை. 1735-ல் கடும் காய்ச்சல். சில வருஷத்தில் வலது கண் பார்வை போனது. 1741-ல் பெர்லினுக்குப் போனார். அங்கே மன்னர் இரண்டாம் ஃபிரடெரிக் அவரை ஒற்றைக்கண் அரக்கன் என்று கிண்டலடித்தார். 13 குழந்தைகளில் பெரியவர்களாக வளர்ந்தது 5 பேர்தான். 1766-ல் பீட்டர்ஸ்பர்க் திரும்பிய பிறகு இடது கண்ணிலும் புரை. ஆபரேஷனில் வந்த பார்வை கொஞ்ச நாளில் திரும்பப் போய்விட்டது. 1771-ல் வீடு தீப்பிடித்தபோது, அவருடைய சொந்த ஊர்க்காரர் ஒருவர் உள்ளே புகுந்து அவரைத் தூக்கி வந்து காப்பாற்றினார். 1773-ல் மனைவி இறந்தார்.

நாம ஒரு அரியர் விழுந்தாலே ஒரு வாரம் சோர்ந்து படுத்துடுறோம். இவரோ மனதில் கணக்குப் போட்டு, வாயால் சொல்லி, மற்றவர்களை எழுத வைத்தார். அவருடைய இயற்கணிதப் புத்தகத்தை அப்படி எழுதிக் கொடுத்தவர் தையல் வேலை கற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞர். 1775-ல் மட்டும் சராசரியாக வாரத்துக்கு ஒரு கட்டுரை. மொத்தப் படைப்புகள் 850-ஐத் தாண்டும். 1783 செப்டம்பர் 18 அன்று, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதையைப் பற்றிப் பேசிவிட்டு, பக்கவாதம் வந்து அன்றே இறந்தார்.

அடுத்த முறை ஏதாவது கோடு ஓடவில்லை என்றால், இப்படி ஒரு விடை இருக்கவே முடியுமா என்று ஆய்லர் மாதிரி முதலில் பேப்பரில் பாருங்க. பழக ஒரு கணக்கு: இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அந்த ஏழு பாலங்களில் இரண்டு போய்விட்டன. நடுத்தீவிலிருந்து வடகரைக்கு ஒன்று, தென்கரைக்கு ஒன்று. மிச்சம் ஐந்தையும் ஒரே நடையில் கடக்கலாமா? எங்கே தொடங்கணும்? பிரியாணி வர்றதுக்குள்ள போட்டுப் பாருங்க.