காயல் கண்ட மார்க்கோ போலோவும் கடல் வாழ் திமிங்கலமும்

உலகப் பெரும் பயணிகளின் வரிசையில் முன்னிடம் பெறத்தக்கவர் மார்க்கோ போலோ. பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி யார் என்னும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு அவர் பெயரை விடையாக எழுதிவிட்டு நாம் அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அவர் புகழ்ந்துரைத்த பாண்டியர் துறைமுகம் எது தெரியுமா? நாம் நாள்தோறும் பருகும் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறையே அது! காயலைப் பற்றிக் கூறும் அதே நூலில், நடுக்கடலில் கப்பல்களை மோதும் திமிங்கலங்களைப் பற்றியும் அவர் கூறியுள்ளார். அம்மாமனிதரின் வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

மார்க்கோ போலோ 1254ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள வெனிஸ் நகரில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே தந்தை நிக்கோலோ தம் உடன்பிறந்தார் மாஃபெயோவுடன் வாணிபத்தின் பொருட்டுக் கீழை நாடுகளுக்குச் சென்றுவிட்டார். தாயும் இறந்துபோக, சிறுவன் உறவினர் ஆதரவில் வளர்ந்தான். 1269இல் தந்தை ஊர் திரும்பியபோது மார்க்கோவுக்கு வயது 15. பத்தாம் வகுப்பில் பயிலும் எங்கள் வயதில்தான் அவர் தம் தந்தையின் முகத்தை முதன்முதலாகக் கண்டார்! வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையின் குரலைத் தொலைபேசியில் கேட்டே வளரும் தோழியர் எங்களிடையேயும் உண்டு. அச்சிறுவனின் உள்ளம் அவர்களுக்கு நன்கு விளங்கும்.

இம்முறை தந்தை மகனை விட்டுச் செல்லவில்லை. 1271இல், 17 வயது நிரம்பிய மார்க்கோவும் அவர்களோடு புறப்பட்டார். மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான், கற்றறிந்த கிறிஸ்தவர் நூறு பேரைத் தம்மிடம் அனுப்புமாறு முன்னரே கேட்டிருந்தார். திருத்தந்தை பத்தாம் கிரகோரியார் தோமினிக்கன் சபைத் துறவியர் இருவரை உடன் அனுப்பினார். அவர்களோ வழியின் ஆபத்துக்கு அஞ்சிப் பாதியிலேயே திரும்பிவிட்டனர். போலோ குடும்பத்தார் மூவர் மட்டும் பாமீர் மலைகளையும் கோபிப் பாலைவனத்தையும் கடந்து, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் பேரரசரின் அவையை அடைந்தனர். இளைஞரின் கூர்ந்த நோக்கும் நினைவாற்றலும் பேரரசரைக் கவர்ந்தன. 17 ஆண்டுகள் அவர் பணியில் இருந்து மார்க்கோ பல நாடுகளைக் கண்டார்.

பாரசீக மன்னருக்கு மணம் பேசப்பட்ட கோகாச்சின் என்னும் இளவரசியைக் கடல் வழியே அழைத்துச் செல்லும் பொறுப்பு இவர்களுக்குக் கிடைத்தது. 1292ஆம் ஆண்டளவில் சீனத் துறைமுகம் ஒன்றிலிருந்து 14 கப்பல்கள் புறப்பட்டன. நான்கு பாய்மரங்களும் அறுபதுக்குக் குறையாத அறைகளும் கொண்ட பெருங்கப்பல்கள் அவை. சில கப்பல்களின் அடிப்பகுதி உறுதியான பலகைகளால் 13 தனித்தனிப் பகுதிகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. எதற்காக? பாறையில் மோதினாலும் திமிங்கலம் முட்டினாலும் நீர் ஒரு பகுதிக்குள் மட்டுமே புகும். அங்குள்ள பொருள்களை அகற்றி, ஓட்டையை அடைத்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். இரவில் கப்பல் விரைந்து செல்லும்போது எழும் வெண்ணுரையைக் கண்டு, இரை இருப்பதாக எண்ணிப் பசித்த திமிங்கலம் பாய்ந்து வந்து கப்பலை முட்டும் என்று மார்க்கோ விளக்குகிறார். நிலவொளியற்ற இரவு, நாற்புறமும் கடல், அடியில் ஒரு பேருயிர்! அன்றைய மாலுமிகளின் நெஞ்சம் எவ்வாறு நடுங்கியிருக்கும்!

பருவக்காற்றுக்காகச் சுமத்திராவில் ஐந்து மாதம் காத்திருந்த பின் கப்பல்கள் மேற்கு நோக்கி வந்தன. இப்பயணத்தில்தான் மார்க்கோ இலங்கையையும் பாண்டிய நாட்டையும் கண்டார். காயல் சிறந்த பெருநகரம் என்றும், ஏடன், ஓர்மசு முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்களெல்லாம் அங்கு வந்து தங்கும் என்றும் அவர் கூறுகிறார். மக்கள் எந்நேரமும் வெற்றிலை மென்றதும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. முத்துக் குளிக்கும் காலத்தில் பெருமீன்கள் மூழ்குவோரைத் தாக்காதவாறு மந்திரம் சொல்ல ஆட்கள் இருந்தனர் என்றும், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்றும் குறிப்பிடுகிறார். நம் கரையில் இவர்களைக் கடல்கட்டி என்று அழைத்தனர். மயிலாப்பூரில் புனித தோமையாரின் கல்லறை இருப்பதையும் அவர் எழுதத் தவறவில்லை.

அரபிக் கடலிலுள்ள சொக்கோத்ரா தீவைப் பற்றி மாலுமிகளிடம் கேட்டறிந்ததையும் அவர் தந்துள்ளார். அத்தீவில் அக்காலத்தில் கிறிஸ்தவ மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் சூரை மீனை உப்பிலிட்டு, அந்த நீரில் கந்தைத் துணிகளை நனைத்துப் படகின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வார்களாம். அம்மணத்தைத் தொடர்ந்து வரும் திமிங்கலம், அதனை உண்டு மயங்கிக் கிடக்குமாம். உடனே சிலர் அதன் மேல் ஏறி, கொக்கியுள்ள இரும்பு முனையை அதன் தலையில் மரச் சம்மட்டியால் அடித்து இறக்குவார்களாம். கயிறு கட்டிய அந்த இரும்போடு அது ஓடி ஓடிக் களைத்துச் சாகுமாம். இவ்வளவும் எதற்காக? அதன் வயிற்றிலுள்ள அம்பர் என்னும் விலையுயர்ந்த மணப்பொருளுக்காகவும் எண்ணெய்க்காகவும்! அம்பர் கடலடி ஊற்றிலிருந்து வருகிறது என்று பலர் எண்ணிய காலத்தில், அது திமிங்கலத்தின் வயிற்றில் உண்டாவது என்று மார்க்கோ சரியாகவே கூறினார். கணவாயின் கடினமான அலகுகள் செரிக்காமல் தங்கும்போது, ஒருவகைத் திமிங்கலத்தின் குடலில் அது உருவாகிறது என்பதை இன்று அறிவியல் காட்டுகிறது.

1295இல், 24 ஆண்டுகளுக்குப் பின், மூவரும் வெனிஸ் திரும்பினர். சில ஆண்டுகளில் வெனிசுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த போரில் மார்க்கோ சிறைப்பட்டார். ஜெனோவாச் சிறையில் உடனிருந்த ருஸ்திக்கெல்லோ என்னும் எழுத்தாளர், அவர் சொல்லச் சொல்ல எழுதிய நூலே இன்று நம் கைகளில் உள்ளது. சிறைக்கதவு அடைத்திருந்தும் அவர் நினைவு கடலெங்கும் உலவிற்று! 1299இல் விடுதலை பெற்று, தொனாத்தா என்னும் பெண்ணை மணந்து, மூன்று பெண் மக்களுக்குத் தந்தையானார். ஆனால் ஊரார் பலர் அவர் கூறியவற்றைக் கட்டுக்கதை என்றே நகைத்தனர். மரணப் படுக்கையில், பொய்களைத் திரும்பப் பெறுமாறு நண்பர்கள் வேண்டியபோது, தாம் கண்டதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்று அவர் மறுத்ததாகக் கூறுவர். 1324ஆம் ஆண்டு சனவரியில் அவர் உயிர் நீத்தார். பிற்காலத்தில் கொலம்பஸ் அந்நூலின் ஒரு பிரதியைப் படித்து, அதன் ஓரங்களில் தம் கையாலேயே குறிப்புகள் எழுதி வைத்தார்.

மார்க்கோ போலோ புகழ்ந்த காயல் இன்று எங்கே? தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறையை மூடிவிட, கடல் விலகிச் சென்றது. இன்றைய பழையகாயல் கரையிலிருந்து உள்ளே தள்ளி அமைந்த ஒரு சிற்றூர். இதுவே மார்க்கோவின் காயல் என்று எடுத்துக்காட்டியவர், நெல்லைச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல். அங்கே மண்ணில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகளும் அதற்குச் சான்றாயின. நகரம் மறைந்தது. ஆனால் திமிங்கலங்கள் மறையவில்லை.

1986 வரை நம் நெல்லை மாவட்டத்தில் இருந்த மணப்பாட்டை நாம் அனைவரும் அறிவோம். புனித சவேரியாரின் குகையும் திருச்சிலுவை ஆலயமும் உள்ள கடலூர் அது. 1973 சனவரியில் அப்பகுதிக் கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 சனவரியில் மீண்டும் 80க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. இரு முறையும் வந்தவை, நம் மீனவர் ஓங்கல் என்றழைக்கும் டால்பின் இனத்தைச் சேர்ந்த பைலட் திமிங்கலங்கள். குடும்பம் குடும்பமாக வாழ்ந்து, ஒன்றையொன்று பிரியாதவை. ஒன்று ஆழமற்ற நீருக்கு வந்துவிட்டால் மற்றவையும் பின்தொடரும். நம்மைப் போலவே காற்றைச் சுவாசித்துக் குட்டிக்குப் பாலூட்டும் அவை மணலில் கிடந்து துடித்தன.

2016இல் நம் மீனவர்கள் என்ன செய்தார்கள்? இரும்பு முனையை எடுக்கவில்லை. படகுகளில் கயிறு கட்டி அவற்றை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டார்கள். விட்டவற்றுள் சில மீண்டும் கரைக்கே வந்தன. மறுபடியும் இழுத்துச் சென்றார்கள். 45 திமிங்கலங்கள் இறந்து கரையிலேயே புதைக்கப்பட்டன. மற்றவற்றைக் காக்க அவர்கள் பட்ட பாடு வீண் அன்று. சொக்கோத்ராவில் கொல்வதற்காகக் கட்டிய கயிற்றை, எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் நம் கரையில் காப்பதற்காகக் கட்டினார்கள்!

அன்று கப்பல் திமிங்கலத்துக்கு அஞ்சியது. இன்றோ திமிங்கலம் கப்பலுக்கு அஞ்ச வேண்டியுள்ளது. இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்கு அப்பால் செல்லும் பெருங்கப்பல்களில் அடிபட்டு நீலத் திமிங்கலங்கள் இறக்கின்றன. 2022 முதல் ஒரு பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சற்றுத் தெற்கே விலகிச் செல்லப் பணித்துள்ளது. அம்பர் வாணிபமோ, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் குற்றம். ஆயினும் அதைக் கடத்துவோர் பிடிபடும் செய்தி தூத்துக்குடிக் கரையிலிருந்து அவ்வப்போது வருகிறது. பேராசை இன்னும் சாகவில்லை என்பதே இதன் பொருள்.

மார்க்கோ போலோவின் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது யாது? கண்டதையும் கேட்டதையும் கவனமாகக் கூறுபவரை ஊர் நகைத்தாலும் காலம் நகைக்காது. அவர் காலத்து மனிதர் திமிங்கலத்தில் அச்சத்தையும் விலையையும் மட்டுமே கண்டனர். மணப்பாட்டு மீனவரோ அதில் ஓர் உயிரைக் கண்டனர். தாமிரபரணி சென்று சேரும் கடல் அவற்றின் வீடு. நாம் ஆற்றில் எறியும் நெகிழிப் பையும் அங்கேதான் சென்று சேர்கிறது. இதனை உணர்ந்து, ஆற்றையும் கடலையும் தூயதாய் வைத்திருப்போம்! இறைவன் படைத்த பேருயிர்கள் நம் கரையோரம் அச்சமின்றி உலவ, நாமும் ஒரு கை கொடுப்போமாக!