வரைபடத்திற்கு முன் மனிதர்: பெட்ரிக் கெடிஸ் விட்டுச்சென்ற பாடம்

கொழும்பு நகரை எப்படித் திட்டமிட வேண்டும் என்று 1921 இல் அறிக்கை எழுதிக் கொடுத்தவர் ஒரு பொறியியலாளர் அல்லர், கட்டடக் கலைஞரும் அல்லர். அவர் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஸ்கொட்லாந்துக்காரர், பெட்ரிக் கெடிஸ். அவர் சொன்னதைக் கொழும்பை விட இன்று சபரகமுவ தோட்டங்களுக்காகவே நாம் நினைவுகூர வேண்டியிருக்கிறது.

1854 இல் பிறந்த கெடிஸ், இலண்டனில் உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் பயின்றார். பட்டம் எதுவும் பெறவில்லை. 1879 இல் மெக்சிக்கோவில் இருந்தபோது பார்வை மங்கி, வாரக்கணக்கில் இருட்டறையில் இருக்க நேர்ந்தது. அதன்பின் நுணுக்குக்காட்டி வேலை அவருக்குக் கடினமாயிற்று. உயிரினத்தை அதன் சூழலோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தை அவர் நகரத்தின் பக்கம் திருப்பினார்.

1886 இல் திருமணமானதும் அவரும் மனைவி அன்னாவும் எடின்பரோவின் நெரிசலான சேரிக் குடியிருப்பொன்றில் குடியேறினார்கள். அயலவர்களைச் சேர்த்துக்கொண்டு வீடுகளைத் திருத்தினார்கள், சுத்தம் செய்தார்கள், வெற்று நிலங்களில் தோட்டம் போட்டார்கள். ஏழைகளின் வீடுகளை இடித்துத் தள்ளுவதே முன்னேற்றம் என்று கருதப்பட்ட காலம் அது.

கெடிஸ் தொழில்நுட்பத்தை வெறுத்தவரும் அல்லர். 1892 முதல் அவர் நடத்திய கோபுரக் காட்சியகத்தின் உச்சியில் ஒரு கருவி இருந்தது. ஆடியும் வில்லைகளும் கொண்ட அந்த இருட்டறைக் கருவி, வெளியே நடமாடும் நகரத்தை உள்ளே மேசையின் மீது உயிரோட்டமாகக் காட்டியது. தம் ஊரை மக்கள் தாமே பார்த்து விளங்கிக்கொள்ளவே அதை அவர் பயன்படுத்தினார். முதலில் ஆய்வு, பிறகுதான் திட்டம் என்பது அவரது கொள்கை.

1914 இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் இந்தியா வந்தார். பல்லாண்டுகள் சேகரித்த அவரது நகரக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மனியின் எம்டன் மூழ்கடித்தது. நண்பர்களின் உதவியோடு மீண்டும் சேகரித்து, 1915 இல் சென்னையில் கண்காட்சியை நடத்திக் காட்டினார். மதுரை, தஞ்சாவூர் உட்பட பல ஊர்களுக்கு அறிக்கை எழுதினார். வரைபடத்தில் நேர்கோடு போட்டு வீடுகளை இடிக்கும் முறையை எதிர்த்தார். சந்து சந்தாக நடந்து பார்த்து, பாழடைந்தவற்றை மட்டும் அகற்றி, மரம், கிணறு, கோயில், பள்ளிவாசல் என மக்கள் கூடும் இடங்களைக் காக்கச் சொன்னார். குறைந்த வீடுகளை இடித்தால் செலவும் குறையும் என்று கணக்குக் காட்டினார்.

1917 இல் மகன் பிரான்ஸ் போர்க்களத்தில் இறந்தார். சில வாரங்களில் மனைவியும் இந்தியாவிலேயே காலமானார். அதன் பின்னரும் அவர் ஓயவில்லை. 1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். கொழும்பு அறிக்கை அந்தப் பதவிக் காலத்தில் எழுதப்பட்டதே. 1932 இல் பிரான்சின் மொன்பெலியேயில் காலமானார்.

அவர் நகரங்களில் சொன்னது மலைச்சரிவுக்கும் பொருந்தும். 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தின் லயன் வீடுகளையும் மண் மூடியது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தையும் மண்சரிவையும் சந்தித்தது.

கருவிகளும் வரைபடங்களும் நம்மிடம் இல்லாமல் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்துள்ளது. தானியங்கி மழைமானிகள் பொருத்தப்பட்டுள்ளன. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என அளவுகளும் வகுக்கப்பட்டுள்ளன.

ஆனால் இரவு 2 மணிக்கு அந்த அறிவிப்பு வந்தால், லயனில் இருப்பவர் எந்தப் பாதையால் எங்கே போவார்? அறிவிப்பு அவருக்கு விளங்கும் மொழியில் வருகிறதா? தான் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவர், எந்தத் துணிவில் வேறிடத்தில் வீடு கட்டுவார்? காணி ஒதுக்கப்படும்போது அந்தத் துண்டு எந்தச் சரிவில் இருக்கிறது என்று யார் பார்ப்பது? இவற்றுக்கு மழைமானி பதில் சொல்லாது. லயன் லயனாக நடந்து, அங்கே வாழ்பவர்களிடம் கேட்க வேண்டும். எந்த ஊற்று திடீரெனக் கலங்கியது, எந்தச் சுவரில் புதிதாக வெடிப்பு விழுந்தது என்பதை முதலில் காண்பவர்கள் அவர்களே.

செயற்கைக்கோள் படம் மலையைக் காட்டும். அந்த மலையில் வாழ்பவரையும் பார்த்த பிறகே திட்டம் போட வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் கொழும்புக்கு வந்துபோன அந்த மனிதர் விட்டுச்சென்ற இந்தப் பாடம், அடுத்த மழைக்கு முன்னராவது தோட்டப் பாதைகளில் ஏறிச் செல்ல வேண்டும்.